எந்த வகுப்பு முதலில்? கொரோனா காலத்தில் தமிழ்நாடு பள்ளிகளைத் திறந்த விதம்

2021 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. ஏறத்தாழ பத்து மாதம் பூட்டிக் கிடந்த தமிழ்நாட்டுப் பள்ளிகள் அன்று திறந்தன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மட்டும் வரலாம் என்றது அரசு. ஏன் இந்த இரண்டு வகுப்புகள் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பொதுத்தேர்வு வகுப்புகள், அவ்வளவுதான்.

அந்த இரண்டு வகுப்பும் அந்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதவே இல்லை. பள்ளி திறந்து ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரி 25-ல், 9, 10, 11 வகுப்புகளுக்குத் தேர்வில்லாமலே தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டப்பேரவையில் அறிவித்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்கூட இல்லை, ‘தேர்ச்சி’ என்ற சொல் மட்டும். ஜூன் 5-ல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வையும் புதிய முதல்வர் மு.க.ஸ்டாலின் ரத்து செய்தார். எந்தத் தேர்வுக்காகப் பள்ளி திறக்கப்பட்டதோ அந்தத் தேர்வே நடக்கவில்லை. இதில் அரசைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. இரண்டாம் அலை அப்படி வரும் என்று ஜனவரியில் உறுதியாகச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது. ஆனால் அடுத்த முறை, 2021 செப்டம்பரில், மறுபடியும் மேல் வகுப்புகளே முதலில் வந்தன. அங்கேதான் இந்த ஆய்வுக்கு வேலை இருக்கிறது. திறப்புத் திட்டத்தில் மாஸ்க், சானிடைசர், இடைவெளி எல்லாவற்றையும் விடப் பெரிய முடிவு, எந்தக் குழந்தை முதலில் உள்ளே வருகிறது என்பது. அந்த முடிவை நாம் தேர்வு அட்டவணையிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பது என் கருத்து.

திறக்கப்போகிறோம், இல்லை, திறக்கப்போகிறோம்

ஜனவரிக்கு முன்பே இரண்டு முறை கதவு வரை போய்த் திரும்பியிருந்தார்கள். 2020 அக்டோபர் 1 முதல் 10, 11, 12 வகுப்பு மாணவர்கள் விருப்பப்பட்டால் பள்ளிக்கு வந்து சந்தேகம் கேட்கலாம் என்று செப்டம்பர் 24-ல் அரசாணை வந்தது. ஐந்தே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு நவம்பர் 16-ல் 9 முதல் 12 வரை திறப்பதாக அறிவிப்பு. நவம்பர் 9-ல் பள்ளிதோறும் பெற்றோரிடம் கருத்துக்கேட்புக் கூட்டம். நவம்பர் 12-ல் அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. அதே மாதம் 2-ஆம் தேதி திறந்த ஆந்திரத்தில், சில நாட்களிலேயே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் தொற்று கண்டறியப்பட்ட செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது.

ஜனவரியில், பொங்கலுக்கு முன், மறுபடி கருத்துக்கேட்பு. இந்த முறை பெரும்பாலான பெற்றோர் திறக்கலாம் என்றார்கள். பெற்றோரைக் கேட்டது நல்ல வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு முறையும் கேட்கப்பட்டது அடிப்படையில் ஒரே கேள்விதான்: திறக்கலாமா, வேண்டாமா? உங்கள் பிள்ளை எந்தப் பேருந்தில் வருவான், வீட்டில் சர்க்கரை நோயுள்ள பாட்டி இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தால், அந்தப் பதில்களை வைத்தே ஒரு தலைமையாசிரியர் தன் பள்ளிக்கான திட்டத்தைப் போட்டிருக்கலாம். ஆமாம், இல்லை என்ற பதிலை வைத்துத் தேதியை மட்டும்தான் முடிவு செய்ய முடியும்.

25 என்ற எண்

வழிகாட்டு நெறிமுறைகளில் எல்லோருக்கும் நினைவிருப்பது ‘வகுப்புக்கு 25 பேர்’. கூடவே ஆறடி இடைவெளி. இரண்டையும் ஒரு தாளில் வரைந்து பார்ப்போம். 20 அடிக்கு 20 அடி உள்ள ஒரு வகுப்பறை. சுவரை ஒட்டி ஒரு மாணவர், அவரிடமிருந்து ஆறடி தள்ளி இன்னொருவர் என்று உட்காரவைத்தால் ஒரு வரிசையில் நான்கு பேர், நான்கு வரிசை, மொத்தம் 16. ஆசிரியர் நிற்க இடம் விட்டால் 12. வரிசைக்கு ஐந்து பேராக 25 பேரை ஆறடி இடைவெளியோடு உட்காரவைக்க வேண்டுமென்றால் அறைக்கு ஒரு பக்கம் 24 அடியாவது வேண்டும். அப்படிப்பட்ட அறை உள்ள பள்ளிகளும் உண்டு, இல்லாத பள்ளிகளும் உண்டு. இல்லாத பள்ளியில் இரண்டு விதியில் ஒன்று தாளில் மட்டுமே இருந்திருக்கும். எது என்று சொல்லத் தேவையில்லை: தலையை எண்ணுவது சுலபம், இடைவெளியை நாள் முழுக்கக் காப்பது கடினம்.

இன்னொன்று. ஜனவரியில் 25 பேர் கணக்கு ஓரளவு ஓடியதற்குக் காரணம், மற்ற வகுப்பறைகள் எல்லாம் காலியாக இருந்தது. ஒரு பிரிவை இரண்டாக, மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு அறையில் உட்காரவைக்க முடிந்தது. பிப்ரவரி 8-ல் 9, 11 வகுப்புகளும் வந்ததும் அந்த உபரி அறைகள் போய்விட்டன. அறை இருந்தாலும் ஆசிரியர் வேண்டுமே. ஒரே கணித ஆசிரியர் மூன்று அறையில் ஒரே பாடத்தை நடத்தினால் மற்ற வகுப்புக்கு யார்? இந்தக் கணக்கைப் பள்ளி அளவில்தான் போட முடியும், மாநில அளவில் ஒரே எண்ணைச் சொல்லித் தீர்க்க முடியாது.

காய்ச்சல் கருவியும் ஜெருசலேமும்

வாசலில் வெப்பமானி, கையில் சானிடைசர், பையில் வைட்டமின், துத்தநாக மாத்திரைகள். 2021 ஜனவரியின் பாதுகாப்பு ஏற்பாட்டுப் படம் இதுதான். கிருமி கையிலும் மேசையிலும் இருக்கிறது, நோயாளிக்குக் காய்ச்சல் இருக்கும் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட படம். அது தவறு என்று காட்டக்கூடிய ஒரு சம்பவம் அதற்கு எட்டு மாதம் முன்பே நடந்து, ஆய்விதழிலும் வந்திருந்தது.

இஸ்ரேலில் 2020 மே 17-ல் பள்ளிகள் முழுமையாகத் திறந்தன. மாஸ்க், இடைவெளி, கை கழுவுதல் எல்லாம் விதியில் இருந்தன. இரண்டே நாளில் கடும் வெப்ப அலை. சூட்டில் குழந்தைகள் மாஸ்க் போட வேண்டாம் என்று மூன்று நாள் விலக்கு கொடுத்தார்கள். ஏசி ஓடியது. ஜெருசலேமில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 39 முதல் 49 சதுர மீட்டர் அறைகளில் 35 முதல் 38 பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். திறந்து பத்து நாளில் முதல் இரண்டு தொற்றுகள் தெரிந்தன. எல்லோரையும் பரிசோதித்தபோது 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று. அந்த 153 பேரில் அறிகுறி இருந்தவர்கள் 43 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் எந்த வெப்பமானியையும் தாண்டி உள்ளே போயிருப்பார்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிவது இரண்டு. ஒன்று, அடைத்த அறையின் காற்றுதான் ஆபத்து. ஒரு பள்ளியில் சானிடைசர் பாட்டில் எத்தனை என்று கேட்பதற்கு முன், ஜன்னல் எத்தனை, அவற்றில் திறப்பவை எத்தனை என்று கேட்க வேண்டும். இந்த விஷயத்தில் நம் அரசுப் பள்ளிகளின் ஏழ்மை ஒரு வரம். ஏசி இல்லை, ஜன்னல் இருக்கிறது, பல இடங்களில் மரமும் இருக்கிறது. இரண்டாவது இன்னும் முக்கியம். அந்த ஊரில் திட்டம் இல்லாமல் இல்லை. திட்டத்தில் ஒரு பகுதியை எடுத்தபோது (மாஸ்க்), அதன் இடத்தில் வேறொன்றை வைக்கவில்லை. மூன்று நாள் மாஸ்க் வேண்டாம் என்றால், அந்த மூன்று நாள் பாதிப் பேர் வந்தால் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். விலக்கு நாளுக்கான திட்டம் என்று தனியாக ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தஞ்சாவூர், 2021 மார்ச்

ஜனவரி 16-ல் இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது, சுகாதாரப் பணியாளர்களுக்கு. மூன்று நாள் கழித்துப் பள்ளிகள் திறந்தபோது ஆசிரியர்கள் அந்த வரிசையில் இல்லை. அதாவது வகுப்பறையில் இருந்த ஒரே பெரியவர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், ஒரு நாளில் நான்கைந்து அறைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். மாணவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துவைத்துவிட்டு, அந்தக் கூட்டங்கள் அத்தனையையும் இணைக்கும் ஆளை மறந்துவிட்டோம்.

மார்ச் மாதம் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாபேட்டையில் ஓர் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் ஒரு மாணவிக்குத் தொற்று உறுதியானது. பரிசோதனையை விரித்தபோது 50-க்கும் மேற்பட்ட மாணவிகளுக்கு இருந்தது. தொடர்ந்து மாவட்டத்தின் வேறு பள்ளிகளிலும் தொற்று தெரிந்தது. மார்ச் 22 முதல் மாநிலம் முழுக்க 9, 10, 11 வகுப்புகள் மூடப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் தொடர்ந்தது, காரணம் மீண்டும் அதே தேர்வு. அந்த வாரங்களில் ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்கான பிரசாரக் கூட்டங்கள் மைதானம் மைதானமாக நடந்துகொண்டிருந்தன என்பதையும் சொல்லிவைக்கிறேன். மற்ற வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்தது, வாக்குச்சாவடியாக மாறக் கதவு திறந்தது.

இந்த மூடலில் என்னைத் தொந்தரவு செய்வது அதன் அளவு. ஒரு மாவட்டத்தில் பரவல். மூடியது 38 மாவட்டங்களிலும். தொற்று எப்படியும் ஏறிக்கொண்டிருந்தது, ஏப்ரலில் மூடியே ஆகியிருக்க வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் ஒரு வகுப்பில் ஒருவருக்கு வந்தால் என்ன, மூன்று வகுப்பில் வந்தால் என்ன, பக்கத்து ஊரில் வந்தால் என்ன என்று படிப்படியான ஏற்பாடு இருந்து, அதை முடிவு செய்யும் அதிகாரம் தலைமையாசிரியரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் இருந்திருந்தால், எங்கோ ஒரு பள்ளியில் வந்த செய்திக்கு எல்லாப் பள்ளியும் கதவைச் சாத்த வேண்டியிருக்காது.

இரண்டாவது வாய்ப்பு

2021 ஜூலை 20. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்காவது தேசிய ரத்த மாதிரி ஆய்வின் முடிவை வெளியிட்டது. 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம் பேரிடம் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தது. 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம். பள்ளி மூடியிருந்த காலத்திலேயே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டிலும் தெருவிலும் தொற்று வந்து போயிருந்தது. கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா அன்று வெளிப்படையாகவே சொன்னார்: சிறு குழந்தைகள் இந்தத் தொற்றைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள், எனவே தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது நல்லது, ஆனால் ஆசிரியர் முதல் பேருந்து ஓட்டுநர் வரை எல்லோருக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

டென்மார்க் இதை 2020 ஏப்ரல் 15-லேயே செய்திருந்தது. ஐரோப்பாவில் முதலில் பள்ளி திறந்த நாடு அது. திறந்தது 11 வயது வரையிலான குழந்தைகளுக்கு. சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு இன்னொரு குழுவோடு கலக்காமல், முடிந்தவரை வெளியே வைத்துப் பாடம் நடத்தினார்கள். பெற்றோர் கட்டடத்துக்குள் வரக்கூடாது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தாங்களாகப் படித்துக்கொள்ள முடியும், ஆறு வயதுப் பிள்ளையால் முடியாது. அந்தப் பிள்ளை வீட்டில் இருந்தால் அம்மாவோ அப்பாவோ வேலைக்குப் போக முடியாது. கணக்கு இவ்வளவு எளிமையானது.

தமிழ்நாடு செப்டம்பர் 1-ல் 9 முதல் 12 வரை திறந்தது. வகுப்புக்கு 20 பேர், சுழற்சி முறை, ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி. முதல் முறையைவிட நல்ல திட்டம், சந்தேகமில்லை. 1 முதல் 8 வரை நவம்பர் 1-ல்தான் வந்தது.

மேல் வகுப்பை முதலில் திறந்ததற்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய பிள்ளை மாஸ்கைப் போட்டுக்கொண்டு உட்காரும், சின்னது கழற்றி எறியும். மூன்றாம் அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்று அந்தக் கோடை முழுக்கத் தொலைக்காட்சிகளில் பேசிப் பேசிப் பெற்றோரை நடுங்கவைத்திருந்தார்கள். தேர்வும் வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. பொறியியல் கலந்தாய்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் வழி. ஓர் அரசுப் பள்ளி மாணவிக்குக் குடும்பத்தின் நிலையை மாற்றக் கிடைக்கும் ஒரே சீட்டு அது. நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பன்னிரண்டாம் வகுப்பைக் கடைசியில் திறக்கும் துணிச்சல் வந்திருக்காது. ஆனால் ஒன்பதாம் வகுப்பையும் பதினொன்றையும் ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் வைத்ததற்கு எனக்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை. பன்னிரண்டோடு சேர்த்து ஒன்று, இரண்டு, மூன்றைத் திறந்திருக்கலாம். மேல்நிலைப் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் பெரும்பாலும் வேறு வேறு கட்டடங்கள். ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிக்கப்போவதில்லை.

ஒரு கணக்கு. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த குழந்தை, வகுப்பறைக்குள் முதன்முதலில் கால் வைத்தது 2021 நவம்பரில். அப்போது அது இரண்டாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்பார்கள். 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் எளிய குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 குழந்தைகளிடம் எடுத்த கணக்கெடுப்பில், கிராமப்புறக் குழந்தைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். படிக்கவே இல்லாதவர்கள் 37 சதவீதம். அந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை 2022-ல் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது, கிராமப்புறக் குழந்தைகளின் கற்றலை அளக்க ‘பிரதம்’ தொண்டு நிறுவனம் நடத்தும் ‘அசர்’ ஆய்வு அந்த வகுப்பின் வாசிப்பைச் சோதித்தது. இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2018-ல் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். 2022-ல் 5 சதவீதத்தை ஒட்டி. முன்பே குறைவு, அதிலும் பாதி.

மழை, சத்துணவு, சுவர்

நவம்பர் 1 என்ற தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4-ஆம் தேதி தீபாவளி. 6-ஆம் தேதி இரவு சென்னையில் கொட்டித் தீர்த்த மழை, அதன்பின் மாதம் முழுக்க வடகிழக்குப் பருவமழை விடுமுறைகள். முதல் இரண்டு வாரம் பாடம் வேண்டாம், கதை, பாட்டு, விளையாட்டு என்று திட்டமிட்டது அருமையான யோசனை. அந்த இரண்டு வாரத்தின் பெரும்பகுதி பல மாவட்டங்களில் மழையில் போனது. மழைச் சாரல் அடித்தால் ஆசிரியர் முதலில் செய்வது ஜன்னலைச் சாத்துவது. ஜெருசலேமில் வெயில் செய்த வேலையை இங்கே மழை செய்யும். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளித் திட்டத்திலும் ‘ஜன்னல் சாத்தும் நாள்’ என்று ஒரு பத்தி இருக்க வேண்டும்: அன்று யார் வர வேண்டாம், எந்த வராண்டாவில் வகுப்பு, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் எல்லோரும் வெளியே வர வேண்டும்.

சத்துணவு நேரமும் அப்படித்தான். எல்லோரும் ஒரே சமயம் மாஸ்கைக் கழற்றும் நேரம் அது. வகுப்பறையில் ஆறடி தள்ளி உட்காரவைத்துவிட்டு, தட்டு கழுவும் குழாயடியில் அறுபது பேரை நிறுத்தினால் காலையில் பட்ட பாடெல்லாம் வீண். சாப்பாட்டை மூன்று மணி நேரமாக இழுத்து, வகுப்பு வாரியாக மரத்தடியில் போடலாம். சத்துணவு அமைப்பாளரைத் திட்டக் கூட்டத்திலேயே உட்காரவைத்தால் இதை அவரே சொல்லிவிடுவார். பேருந்தும் அதேபோல. சீருடை போட்டால் இலவசப் பயணம் என்று அறிவிப்பது எளிது. காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் படிக்கட்டு வரை தொங்கும் பிள்ளைகளைப் பிரிக்க வேண்டுமென்றால், பள்ளி நேரத்தை வகுப்புவாரியாக மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம் கட்டடம். 2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. ஒன்றரை வருடம் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குக் குழந்தைகளைக் கூப்பிடும்போது, கிருமிநாசினி தெளிப்பதற்கு முன்னால் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் புதரையும் பார்க்க வேண்டும்.

இதே காலத்தில் அரசு எடுத்த முயற்சிகளில் நான் பாராட்டுவது, 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் பகுதியில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’. மாலையில் ஒரு தன்னார்வலர், சுமார் இருபது குழந்தைகள், திண்ணையோ கோயில் வாசலோ தெருவிளக்கடியோ. கற்றல் இழப்பைச் சரிசெய்யத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் சிறிய கூட்டம், தெரிந்த முகங்கள், திறந்த காற்று, பேருந்துப் பயணம் இல்லை என்று பார்த்தால், டென்மார்க்காரர்கள் ஏப்ரலில் செய்ததற்கு மிக அருகில் வந்தது இதுதான். ஒரு வருடம் முன்னால், 2020 அக்டோபரில், முதல் மூன்று வகுப்புகளுக்கு மட்டுமாவது இப்படி ஆரம்பித்திருக்கலாம். கட்டடத்தைத் திறப்பதுதான் பள்ளியைத் திறப்பது என்று நினைத்துக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோது மறுபடி கீழிருந்து மேலாகவே மூடினார்கள்: முதலில் சிறு வகுப்புகள், பிறகு ஒன்பது வரை, கடைசியில் பத்து முதல் பன்னிரண்டு வரை. பிப்ரவரி 1-ல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒரே நாளில் திறந்தது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் 16-ஆம் தேதி வரை காத்திருந்தார்கள்.

முதல் நாள் உள்ளே அழைக்கப்பட்ட அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவர்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியது 2023 மார்ச்சில். மார்ச் 13, முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. கொரோனா ஆண்டில் ஆல் பாஸ் ஆன தொகுப்பு அது என்பதும், இடையிலேயே நின்றுபோனவர்களின் பெயர்கள் பட்டியலில் தொடர்ந்ததும் காரணமாகச் சொல்லப்பட்டன. அவர்களில் பலர் அதற்குள் வேலைக்குப் போயிருந்தார்கள். எந்த மாதம், எந்த மூடலின்போது நின்றார்கள் என்று அந்தந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலிருந்து இன்றும் எடுக்க முடியும்.